டில்லிக் குளிரும் கூண்டுக்குள் ஒரு சிற்றுயிரும்

டில்லியில் மார்கழி பிறந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் முதலில் வெளியே வருவது ரஜாய். அதை வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பதும், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஸ்வெட்டர்களை எடுத்து அந்துருண்டை வாடை போக உதறுவதும், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குக் காலுறையும் மப்ளரும் வாங்குவதும் ஒரு வாரத்து வேலை. குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லோருக்கும் ஏதாவது ஓர் ஏற்பாடு ஆகிவிடுகிறது. அந்த வீட்டில் ஓர் அங்கத்தினருக்கு மட்டும் எந்த ஏற்பாடும் கிடையாது. பால்கனியில் துணி உலர்த்தும் மூலையில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் ஹாம்ஸ்டரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சின்னப் பிராணி சர்க்கார் குவார்ட்டர்ஸுகளுக்கும் டி.டி.ஏ. பிளாட்டுகளுக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பது புரியாத விஷயமல்ல. குழந்தை ஒரு பிராணி வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. நாய் வளர்க்க இடமில்லை. பூனை என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மிஞ்சுவது மீன் தொட்டியும் ஹாம்ஸ்டரும்தான். உள்ளங்கை அளவு, கூச்சல் கிடையாது, ஒரு கைப்பிடி தானியம் போதும். "பிள்ளையார் வாகனத்தைக் காசு கொடுத்து வாங்குவாளோ?" என்று பாட்டி கேட்டாலும், இரண்டு நாளில் அதன் கன்னப் பையில் கம்பு எத்தனை கொள்கிறது என்று எண்ணிக்கொண்டு அவரே கூண்டருகில் உட்கார்ந்துவிடுகிறார்.

பிறகு ஜனவரி வருகிறது. ஒரு நாள் காலையில் பையன் கூண்டைத் திறந்து பார்த்தால் பிராணி உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது. தொட்டால் சில்லென்கிறது, அசைவில்லை, மூச்சு இருப்பதாகவும் தெரியவில்லை. "அப்பா, இது எழுந்திருக்கவே மாட்டேங்கிறதுப்பா" என்று அழுகை. அப்பாவுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. "குளிர் தாங்கலைடா கண்ணா, போயிடுத்து. ஞாயிற்றுக்கிழமை வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று சமாதானம் சொல்லி, பழைய செய்தித்தாளில் சுற்றி, போகும் வழியில் பார்க்கிலோ குப்பைத் தொட்டியிலோ சேர்த்துவிட்டுப் போகிறார். இப்படிப் போய்ச் சேரும் ஹாம்ஸ்டர்கள் எல்லாமே செத்தவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதுதான் இங்கே பேசவேண்டிய விஷயம்.

அலெப்போவின் வயல்

இன்று உலகெங்கும் கூண்டுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பூர்வீகம் சிரியாவில் அலெப்போ நகரத்துக்கு அருகிலுள்ள ஒரு வயல். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்து ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர் சால் ஆட்லர் தம் ஆராய்ச்சிக்கு இந்த ஜாதிப் பிராணி வேண்டுமென்று கேட்க, அதே பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனி 1930-இல் அந்த வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்து வந்தார். தப்பிப் பிழைத்த சிலவற்றிலிருந்து பெருகிய வம்சம் 1931-இல் இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவிற்று. ஆட்லர் ஆராய்ந்த நோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் பீகார் கிராமங்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய காலா அசார். ஆகவே இந்தப் பிராணிக்கு இந்தியா முழுவதும் அன்னியமல்ல.

இந்தக் கதையில் கவனிக்கத்தக்கது, வயலைத் தோண்ட வேண்டியிருந்தது என்பதே. அலெப்போவிலும் குளிர் உண்டு. அங்கே இந்தப் பிராணி இரண்டடிக்கும் மேலான ஆழத்தில் வளை பறித்து, அடியில் மெத்தை போட்டு, பக்கத்து அறையில் தானியத்தைக் குவித்து வைத்துக்கொள்கிறது. (பதுக்கி வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லே இதன் பெயரோடு ஒட்டியதுதான்.) மேலே உறைபனி விழுந்தாலும் பூமிக்குள்ளே அத்தனை குளிர் எட்டுவதில்லை. மிகவும் குளிர்ந்து, பகல் குறுகி, தீனியும் அருகிவிட்டால் அது உடம்பின் சூட்டையே இறக்கிக்கொண்டு உறங்கிவிடுகிறது. விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு 300-க்கு மேல் துடிக்கும் இருதயம் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். மூச்சும் அப்படியே, எப்போதாவது ஒன்று. இடையிடையே தானாகவே விழித்து, சேர்த்ததில் கொஞ்சம் தின்றுவிட்டு மறுபடி உறங்கும்.

கம்பிக் கூண்டில் இதில் எது இருக்கிறது? தோண்ட மண் இல்லை, ஆழம் இல்லை, குவித்த தானியம் இல்லை, நாலு பக்கமும் காற்று. ஆகவே கூண்டில் வரும் குளிர் உறக்கம் ஓய்வல்ல, ஆபத்து. உடம்பில் போதிய கொழுப்பில்லாமல், நீர் வற்றி, அப்படியே உயிர் போய்விடக் கூடும். குளிர் நாட்டிலிருந்து வந்த பிராணிதானே, தாங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. குள்ள ஜாதி ஹாம்ஸ்டருக்குச் சைபீரியாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். சைபீரியாவைச் சேர்ந்ததாக இருந்தாலும் அதற்கு அங்கே வளை உண்டு. குறுகிய பகல்களில் அதுவும் நாளுக்குச் சில மணி நேரம் உடல் குளிர்ந்து உறங்கும் இனந்தான்.

பொதுவாக 18 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பமே இவற்றுக்கு ஒத்தது. 5 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் உறக்கத்தை எதிர்பார்க்கலாம். நலிந்த பிராணியானால் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 4 டிகிரியைத் தொட்டாலே வானிலை இலாகா குளிர் அலை என்று அறிவிக்கிறது. டில்லி சப்தர்ஜங்கில் 2021 புத்தாண்டு தினத்தன்று பதிவானது 1.1 டிகிரி. பால்கனியில் கூண்டை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலிருக்கும் உறவினரிடம் யோசனை கேட்டுப் பயனில்லை; அங்கே பிரச்னை மே மாதத்து வெயில்.

எலிக்குப் போர்வையா?

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மனிதர்களே மேம்பாலத்தடியில் விறைத்துக்கொண்டு கிடக்கும் ஊரில் எலிக்குப் போர்வை போத்துவதா என்பது நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால் ஹாம்ஸ்டருக்கு வேண்டியது யாருடைய கம்பளியையும் பிடுங்கித் தர வேண்டியதல்ல. கிழித்த வெள்ளைக் காகிதம், ஒரு அட்டைப் பெட்டி, கூண்டை வைக்க வீட்டுக்குள்ளே ஓர் இடம், இவ்வளவே. நடைபாதையில் படுப்பவருக்குக் கம்பளி கொடுக்க விரும்புகிறவரை ஹாம்ஸ்டர் தடுக்கப் போவதில்லை. அனுபவத்தில் பார்த்தால் இரண்டையும் செய்கிறவர்கள் ஒரே ஆட்களாகத்தான் இருக்கிறார்கள். கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை.

தெரு நாய் குளிர்ந்தால் டீக்கடை அடுப்பருகே போய்ச் சுருண்டுகொள்ளும். அணில் பொந்துக்குப் போகும். கூண்டுக்குள் பூட்டப்பட்டது எங்கே போகும்? அது தானாக வந்து சேரவில்லை. இருநூறோ முந்நூறோ கொடுத்து வாங்கி வரப்பட்டது. போதிய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதும், தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் தராமல் விடுவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சட்டம் நாய்க்கென்றும் எலிக்கென்றும் பேதம் பார்க்கவில்லை. பிராணிகள் விற்கும் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று 2018-இல் விதிகள் வந்தன. பதிவு பெற்ற கடையோ பெறாத கடையோ, ஹாம்ஸ்டரை விற்பவர் "குளிர் காலத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் பாதித் தொல்லை தீரும். விற்பவருக்கு அதில் அக்கறை இருக்க நியாயமில்லை. செத்தால் இன்னொன்று விலை போகும்.

"வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்" என்ற பேச்சு குழந்தைக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறது என்பது வேறு கேள்வி. உயிர் என்பது பேனாவுக்கு ரீஃபில் மாற்றுவது போன்றது என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

கூண்டை எங்கே வைப்பது?

முதல் செலவு ஒரு சுவர்த் தெர்மாமீட்டராக இருக்கட்டும். அதைக் கூண்டின் மட்டத்திலேயே தொங்கவிட வேண்டும். மனிதர் முகத்துக்கு நேரே மாட்டிப் பயனில்லை, குளிர் தரையில்தான் தங்குகிறது. விடிகாலை பால் பூத்துக்குப் புறப்படுகிறவர் போகிறபோக்கில் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த நேரத்துக் கணக்குத்தான் உண்மையான கணக்கு. ஹாம்ஸ்டர் பகலில் தூங்கி இரவில் விழிக்கும் பிராணி ஆதலால், அது ஓடியாடும் நேரமும் மிகக் குளிர்ந்த நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

பால்கனி கூடாது. பர்ஸாத்தியில் குடியிருப்பவர்கள் தங்கள் கட்டிலுக்கு அருகிலேயே கூண்டை வைத்துக்கொள்வது நல்லது. மொட்டைமாடி அறையின் வெளிச் சுவர்கள் ராத்திரியில் ஐஸ்போல ஆகிவிடும். எந்த வீடானாலும் உட்சுவர் ஓரமாக, ஜன்னலுக்கும் வாசற்படிக்கும் நேரே இல்லாமல், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு ஸ்டூல்மேல், அடியில் மடித்த சாக்கோ செய்தித்தாளோ போட்டு வைக்க வேண்டும். இரவில் மூன்று பக்கமும் மேற்புறமும் கம்பளியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விட்டுவிட வேண்டும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த, அந்துருண்டை வாடை அடிக்கும் கம்பளியைப் போர்த்துவது கூடவே கூடாது. அந்த ஆவி சிறு பிராணிகளுக்கு விஷம். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே. சமையலறை வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் வைப்பவர்கள் மிளகாய் தாளிக்கும்போது தாங்களே இருமுவதை நினைத்துப் பார்க்கலாம்.

கூண்டுக்குள்ளே படுக்கைதான் பிரதானம். வாசனையும் சாயமும் இல்லாத காகிதத்தை (டிஷ்யூ காகிதம் போதும்) கிழித்துக் கிழித்து ஆறங்குல ஆழத்துக்குக் குறையாமல் போட வேண்டும். அதுதான் அதற்கு வயலும் வளையும். ஒரு சிறு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தால் காகிதத்தையெல்லாம் அதற்குள் இழுத்துக்கொண்டு போய் அழகாகக் கூடு கட்டிவிடும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று குளிர் காலத்தில் ஒரேயடியாகக் கலைப்பது தவறு. நனைந்த பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.

நம்மவர்கள் அன்பினால் செய்யும் ஒரு பிழை பஞ்சு வைப்பது. பார்க்க மெத்தென்றிருக்கும். அதன் இழை காலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். விழுங்கினால் குடலை அடைக்கும். பஞ்சு வைத்ததை இன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. இன்னொரு பிழை, ஒன்றுக்கொன்று சூடாக இருக்கட்டும் என்று இரண்டு பொன்னிற ஹாம்ஸ்டரை ஒரே கூண்டில் போடுவது. வளர்ந்துவிட்டால் அவை தனிக்குடித்தனப் பிராணிகள். ஒன்றையொன்று கடித்துக் கொல்லும்.

தீனி விஷயத்தில், குளிர் நாட்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தானியம் போடலாம். கம்பு, சோளம், கோதுமை, உப்பில்லாத பூசணி விதை எல்லாம் ஒத்துக்கொள்ளும். சிறு துண்டு காரட் போதும். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சுச் சுளை, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட், முறுக்கு, மிக்சர் எதுவும் ஆகாது. தண்ணீர்ப் புட்டியின் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று தினம் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னும் சூடு தேவையென்றால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். சூடு அதிகமானால் மறுபக்கம் ஒதுங்க அதற்கு வழி இருக்கும். உள்ளே வைத்தால் ரப்பரைக் கடித்து நனைந்துவிடும். நனைந்த ஹாம்ஸ்டரைக் குளிரிலிருந்து காப்பாற்றுவது கஷ்டம். மின்சார ஹீட்டர் அறையைச் சூடாக்கலாம், கூண்டைச் சூடாக்கக் கூடாது. சிவக்கக் காயும் கம்பியிலிருந்து கூண்டும் காகிதமும் எட்டியே இருக்க வேண்டும். மின்சார ஒயரை அதன் பல்லுக்கு எட்டும்படி விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கீட்டி விஷயத்தில் மட்டும் எந்தத் தாட்சணியமும் கூடாது. கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பை மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வட இந்தியப் பத்திரிகைகளில் ஒவ்வொரு குளிர் காலத்திலும் வருகிறது. எரியும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கட்டட வேலைக்கு வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது ஹாம்ஸ்டரைவிடப் பெரிய விஷயம். கூண்டுக்காகவும் வேண்டாம், குழந்தைக்காகவும் வேண்டாம்.

சுருண்டு கிடந்தால்

இத்தனைக்குப் பிறகும் ஒரு காலையில் பிராணி சில்லிட்டுக் கிடந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. மூக்கருகிலும் விலாவிலும் கண் வைத்து ஐந்து நிமிஷமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். மீசை துடித்தாலோ, விலா ஒருமுறை எழும்பித் தாழ்ந்தாலோ உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டாலும் உடம்பு சில்லென்று இருக்கும்வரை செத்ததாகக் கொள்ளக் கூடாது. வெதுவெதுப்பான அறையில் சில மணி நேரம் வைத்தும் அசைவில்லாமல், விறைத்தோ நிறம் மாறியோ போனால்தான் அந்த முடிவுக்கு வரலாம்.

எழுப்புவது மெதுவாக நடக்க வேண்டிய காரியம். மெல்லிய துண்டில் பொதிந்து, 20 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில், உள்ளங்கைச் சூட்டிலோ, துணி சுற்றிய வெந்நீர்ப் பையின் ஓரத்திலோ வைத்திருந்தால் போதும். ஹீட்டருக்கு நேரே பிடிப்பதும் வெந்நீரில் முக்குவதும் கொல்லும் வழிகள். தோல் வெந்துபோகும்; உள்ளே இருதயம் இன்னும் விழித்திருக்காது. முழுதாக எழ இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். முதலில் நடுக்கம் வரும். அது நல்ல அடையாளம், பயந்துவிடக் கூடாது. தலையைத் தானே தூக்கிய பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். அதற்குமுன் வாயில் ஊற்றினால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். பிராந்தி கொடுக்கலாமா என்று கேட்கிற தாத்தாக்கள் இருக்கிறார்கள். கூடாது. எழுந்த பிறகு அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுவது நல்லது. எல்லா வைத்தியரும் இவ்வளவு சிறிய பிராணியைப் பார்ப்பதில்லையாதலால், பார்ப்பவர் யாரென்று டிசம்பரிலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கூண்டருகே தெர்மாமீட்டர் 20 காட்டும்போதே ஹாம்ஸ்டர் துவண்டு கிடந்தால் அது குளிர் உறக்கமல்ல, நோய். வால் பக்கம் நனைந்து பேதியும் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

பையனுடைய அப்பாவுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்பது வாஸ்தவமே. அதற்காக அரை நாள் லீவு போடச் சொன்னால் எந்தக் குமாஸ்தாவும் சிரிப்பார். துண்டில் பொதிந்து பாட்டி மடியில் வைத்துவிட்டுப் போக ஒரு நிமிஷம் போதும்.

கடைசியாக, பொங்கல். டில்லிப் பள்ளிகளின் குளிர் கால விடுமுறையும் ஊருக்குப் போகும் காலமும் ஜனவரியில் ஒன்றாக வருகின்றன. அதாவது குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் நம்மவர் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கிண்ணம் தானியத்தைக் கொட்டி, புட்டியில் தண்ணீர் நிரப்பி, பத்து நாளைக்குத் தாங்கும் என்று கூண்டைப் பூட்டிய வீட்டில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்பு எரியாத, ஆள் மூச்சுப்படாத வீடு எத்தனை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. கூடவே எடுத்துப் போவதென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் இரைச்சலும் ஆட்டமும். ராத்திரி முழுதும் குளிர். அதுவும் உசிதமல்ல. எதிர்வீட்டிலோ மாடியிலோ ஒப்படைப்பதே சரி. ஒப்படைக்கும்போது தீனி, காகிதம், தெர்மாமீட்டர் எல்லாவற்றோடும் ஒரு சீட்டும் கூண்டில் ஒட்டிவிட்டுப் போக வேண்டும்: "அசையாமல் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். சூடான அறையில் வைத்துவிட்டு உடனே போன் செய்யவும்." அந்தச் சீட்டு இந்தியில் இருக்க வேண்டும். முத்து முத்தான தமிழில் எழுதி ஒட்டிவிட்டு ரயிலேறினால் மாடியிலிருக்கும் சர்தார்ஜி வீட்டு அம்மாள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?